புஷ்பவனத்தில் ஆடிய பேனல்

2024 பொங்கல் கழிந்து நாலாம் நாள். திருத்துறைப்பூண்டியில் பட்டறைக் கதவைத் திறந்து விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது வேதாரண்யம் பக்கம் கடலோரத்துப் புஷ்பவனத்து மாமா போன் செய்தார். ரத்த உறவு இல்லை. அப்பா காலத்திலிருந்து அவர் வீட்டு மோட்டார், டில்லர் எல்லாம் எங்கள் பட்டறைக்குத்தான் வரும். அப்படி வந்த மாமா.

"பாப்பா, காத்துக்கு ஒரு பேனலு தடதடன்னு அடிக்குது. நீ மாட்டுனதுதான். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த 15 சோலார் பேனலையும் 2021இல் நானே கழற்றி நானே திரும்ப மாட்டினேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் என் கையாலேயே கிரீஸ் வைத்தேன். இனி பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கம் ஸ்பேனரே வேண்டாம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டு வீடு திரும்பியது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஏன் கழற்ற வேண்டி வந்தது என்பதிலிருந்து சொல்கிறேன். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வந்தபோது மாமாவின் தென்னந்தோப்பு படுத்துவிட்டது. வேதாரண்யம் சுற்றுவட்டாரத்தில் தென்னையும் மாவும் விழாத கொல்லை அன்றைக்கு இல்லை. விழுந்த இடத்தில் புதுக் கன்று வைத்தார், நடுவில் முல்லை போட்டார். அப்போது வெட்டவெளியாகக் கிடந்த மூலையில் 5 ஹெச்.பி. மோட்டாருக்கு சோலார் நிறுத்தினார்கள். மூன்றாம் வருஷம் கன்றுகளின் மட்டை விரிந்து காலை வெயிலை மறைக்க ஆரம்பித்தது. பேனலை வடக்குப் பக்க மேட்டுக்கு மாற்றித் தரச் சொன்னார்.

அங்கேதான் முதல் பாடம். எல்லாமே ஸ்டெயின்லெஸ் போல்ட், எட்டு எம்.எம்., 13ஆம் நம்பர் ஸ்பேனர். துரு கண்ணுக்குத் தெரியவே இல்லை, பளபளவென்று இருந்தன. ஆனால் நட்டு கால் சுற்று வந்ததும் கவ்விக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அது துரு செய்த வேலை இல்லை. ஸ்டெயின்லெஸ்ஸைத் துருப்பிடிக்காமல் காப்பதே அதன் மேல் இருக்கிற மெல்லிய ஆக்சைடு படலம்தான். இரண்டு ஸ்டெயின்லெஸ் மரைகள் அழுத்தத்தோடு உரசும்போது அந்தப் படலம் உரிந்து, உலோகமும் உலோகமும் நேராக ஒட்டிக்கொள்ளும். வெல்டிங் வைத்த மாதிரிதான். அன்றைக்கு 23 போல்ட்டை கிரைண்டரில் அறுத்துத்தான் எடுத்தேன். அறுத்த பொறி பேனல் கண்ணாடியில் படாமல் ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனின் முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

அதனால் திரும்ப மாட்டும்போது மரை பிடிக்காமலிருக்கத் தடவுகிற கிரீஸ் ஒரு டப்பா வாங்கினேன். செம்பு நிறத்தில் மினுமினுக்கும், காப்பர் கிரீஸ் என்று கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அது. லாரி மெக்கானிக்குகள் சைலன்சர் ஸ்டட்டுக்கும் பிரேக் பக்கமும் போடுவார்கள். அங்கே போடுவதில் தப்பே இல்லை. எண்ணெய் கருகிப் போகிற சூட்டிலும் உள்ளே இருக்கும் செம்புத்தூள் மரைக்கு நடுவே நின்று பிடிக்கவிடாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் புஷ்பவனத்து வெயிலில் பேனல் சட்டம் கொதித்தாலும் அது சைலன்சர் சூடு ஆகாது. அந்தத் தூளுக்கு அங்கே வேலையே இல்லை. இது அன்றைக்கு என் புத்தியில் ஏறவில்லை. இரண்டு பாட்டில் மூடி அளவு என்று கணக்குப் பார்க்காமல், பிரஷ்ஷில் தோய்த்து மரையிலும் வாஷர் அடியிலும் பேனலைப் பிடிக்கிற அலுமினிய கிளாம்ப்பின் உள்பக்கமும் அள்ளித் தடவினேன். டப்பா கடைசி வரிசைக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்த எட்டு போல்ட்டுக்கு மோட்டார் பேரிங்குக்கு வைத்திருந்த சாதாரண கிரீஸைப் போட்டு முடித்தேன்.

அந்த எட்டு போல்ட்டுதான் பிறகு எனக்கு உண்மையைக் காட்டியது.

வேதாரண்யம் போகிற வழியில் உப்பு அம்பாரங்கள் கீற்று மூடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது இந்த அகஸ்தியம்பள்ளிப் பக்கம்தான். அள்ளுவதற்கு நடந்து வர வேண்டாத உப்பும் இங்கே நிறைய. ஐப்பசி, கார்த்திகையில் கொண்டலும் வாடையும் வீசும்போது அது கடலிலிருந்து தானாகவே வந்து கம்பியிலும் கதவிலும் படியும். வெளியில் கட்டிய கொடிக்கம்பியை விரலால் வழித்து நாக்கில் வைத்தால் கரிக்கும். பனி இறங்கும் மாதத்தில் விடிகாலை ஒவ்வொரு வாஷர் அடியிலும் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் நிற்கும். மழையே தேவையில்லை.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்த பேனலின் கிளாம்ப்பைச் சுற்றிலும் அரிசி மாவு கொட்டின மாதிரி வெள்ளைப் பொடி. சாவியால் சுரண்டினேன். பொடிக்கு அடியில் அலுமினியம் சீராகத் தேய்ந்திருக்கவில்லை. ஊசியால் குத்தின மாதிரி குழி குழியாக, சில குழி குண்டூசித் தலை அளவு. கிளாம்ப்பின் உதடு அந்தக் குழிகளின் வரிசையிலேயே விண்டு போயிருந்தது. கிரீஸின் எண்ணெய் இரண்டு மூன்று மழைக்காலத்தில் கழுவிப்போய்விட்டது. செம்புத்தூள் மட்டும் போகாமல் கறுப்பும் பச்சையுமாகக் காய்ந்து ஒட்டிக் கிடந்தது. கீழே பேனலைத் தாங்குகிற கால்வனைஸ் சட்டத்தில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பில், போல்ட் துவாரத்தைச் சுற்றி முதலில் வெள்ளை, அதற்குள் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பழுப்புத் துரு.

கடைசி வரிசைக்குப் போனேன். அந்த எட்டு இடத்திலும் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். குழி இல்லை, பொடி இல்லை. சட்டத்தின் துத்தநாகப் பூச்சு அப்படியே சாம்பல் நிறத்தில் இருந்தது. அதே காற்று, அதே பனி, அதே போல்ட், அதே நாள், அதே கை. வித்தியாசம் டப்பா மட்டும்.

டிப்ளமோவில் படித்தது அப்போதுதான் உடம்பில் உறைத்தது. இரண்டு வேறு உலோகம், இரண்டும் ஒன்றையொன்று தொட வேண்டும், இரண்டையும் நனைக்கிற மாதிரி உப்புத் தண்ணீர். இந்த மூன்றும் கூடினால் அது ஒரு பேட்டரி. கடல் தண்ணீரில் உலோகங்களுக்கு ஒரு வரிசை உண்டு: துத்தநாகம், அலுமினியம், இரும்பு, பித்தளை, செம்பு, ஸ்டெயின்லெஸ், கடைசியில் கிராஃபைட். முன்னால் இருப்பது கரையும், பின்னால் இருப்பது காப்பாற்றப்படும். வரிசையில் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு வேகம். நான் அலுமினிய கிளாம்ப்புக்கும் துத்தநாகப் பூச்சுக்கும் நடுவே செம்பைப் பொடி செய்து, ஆயிரக்கணக்கான துணுக்குகளாக ஊட்டி வைத்திருக்கிறேன். எண்ணெய் இருந்தவரை அது தண்ணீரை உள்ளே விடாமல் காத்தது. எண்ணெய் போனதும் வேலை தொடங்கிவிட்டது. இதில் இன்னொன்றும் உண்டு. செம்பு இம்மியளவு கரைந்து அந்த ஈரத்தோடு நகர்ந்து, கொஞ்சம் தள்ளி அலுமினியத்தின் மேல் செம்பாகவே படியும். படிந்த இடமெல்லாம் ஒரு புதுக் குழி. கிரீஸ் படாத இடத்திலும் குழி விழுந்திருந்ததற்கு இதுதான் காரணம்.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அலுமினியச் சட்டம் வெறும் அலுமினியம் இல்லையே, அனோடைஸ் செய்தது. மேலே 10, 15 மைக்ரான் அளவுக்கு ஆக்சைடு பூச்சு, அது மின்சாரத்தைக் கடத்தாது. கால்வனைஸும் உருக்கிய துத்தநாகத்தில் முக்கினது. சதுர மீட்டருக்கு 610 கிராம் என்றால் சுமார் 85 மைக்ரான், நம் தலைமுடிப் பருமனை ஒட்டி வரும். இவ்வளவு பூச்சு இருந்தும் எப்படி?

பட்டறையில் அன்று சாயங்காலம் செய்து பார்த்தேன். புஷ்பவனத்துக் கடற்கரையில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்திருந்தேன். எவர்சில்வர் டம்ளர் உதவாது, அதுவே ஒரு உலோகம். அப்பாவின் கண்ணாடி டம்ளரை எடுத்தேன். முதலில் கால்வனைஸ் தகட்டுத் துண்டும் உரித்த செம்புக் கம்பியும். மல்டிமீட்டர் முக்கால் வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. கடிகார பேட்டரியில் பாதி. அதற்குப் பிறகு பழைய பேனல் சட்டத்தில் ஒரு துண்டு அறுத்து, அறுத்த ஓரமெல்லாம் எம்-சீல் வைத்து மூடி, மீட்டரை ஆம்பியர் பக்கம் திருப்பினேன். பூச்சு முழுசாக இருந்தவரை எண் இருக்கிறதா இல்லையா என்கிற அளவில்தான் அசைந்தது. துண்டை வெளியே எடுத்து அரத்தின் மூலையால் ஒரே ஒரு கோடு இழுத்தேன். நெல் நீளம் இருக்கும். திரும்ப முக்கியதும் எண் பல மடங்கு ஏறி நின்றது. டம்ளருக்குள் செம்பு அதே செம்பு, தண்ணீர் அதே தண்ணீர். இப்போது அந்த முழுச் செம்பின் பசியும் ஒரு நெல் நீளக் கீறலின் மேல் இறங்குகிறது.

பூச்சு போட்ட உலோகத்தில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். வெறும் அலுமினியம் என்றால் கரைவது பரவலாக, மெதுவாக நடக்கும், கண்ணுக்கும் தெரியும். பூச்சு நன்றாக இருந்து ஒரு இடத்தில் மட்டும் உரிந்திருந்தால் எல்லாம் அந்த ஒரு புள்ளியில் துளை போடும். போல்ட் மாட்டும்போது பூச்சு உரிகிற இடம் எது? வாஷர் சுற்றித் தேய்க்கிற இடம், கிளாம்ப்பின் பல் கடிக்கிற இடம், துளையின் விளிம்பு. நாம் கிரீஸ் தடவுகிற இடமும் சரியாக அதுதான்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டே வரிசையில் அலுமினியத்துக்குப் பின்னால்தானே இருக்கிறது, அது ஏன் இத்தனை சேதம் செய்யவில்லை என்று எங்கள் பையன் கேட்டான். நல்ல கேள்வி. போல்ட் சின்னது, சட்டம் பெரியது. கரைக்கிறவன் சின்னவனாகவும் கரைகிறவன் பெரியவனாகவும் இருந்தால் சேதம் பங்கு பிரிந்து போகும். திருப்பிப் போட்டால், அதாவது பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டை கால்வனைஸ் ஆணியால் அடித்தால், ஆணி சீக்கிரம் போய்விடும். இறால் குட்டைக்காரர்கள் சிலர் இப்படிச் செய்துவிட்டு ஆணி மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். நான் செய்தது இந்தக் கணக்கையே கெடுத்தது. சின்ன போல்ட்டாக இருந்ததை, செம்பை உள்ளங்கை அகலத்துக்குத் தடவிப் பெரிதாக்கிவிட்டேன்.

பெயின்ட் அடிப்பதிலும் இதே கணக்குதான், பலரும் தலைகீழாகச் செய்வது. பித்தளை வால்வும் இரும்பு பிளான்ஜும் சேர்கிற இடத்தில் துருப்பிடிப்பது இரும்பு என்று இரும்புக்கு மட்டும் பெயின்ட் அடிப்பார்கள். பெயின்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், மொத்தப் பித்தளையும் அந்தக் கீறலைத் தின்னும். ஒன்றுக்குத்தான் அடிக்க முடியும் என்றால் பித்தளைக்கு அடியுங்கள். முடிந்தால் இரண்டுக்கும்.

இந்த வித்தை ஒன்றும் புதிது இல்லை. 1761இல் இங்கிலாந்துக் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலின் அடியில் செம்புத் தகடு போர்த்தி இரும்பு ஆணி அடித்தது. இரண்டு வருஷத்தில் ஆணிகள் அரித்துப்போயின. ஆனால் தகட்டுக்குப் பொட்டலமாக வந்திருந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக நடுவில் மாட்டிக்கொண்ட இடத்தில் மட்டும் ஆணி தப்பியிருந்தது. ஒரு காகிதம்! டிப்ளமோவில் சார் இதைச் சொன்னபோது நான் பரீட்சைக்கு எழுதிக்கொண்டதோடு சரி.

மாமாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கிளாம்ப்பும் போல்ட்டும் என் செலவில் மாற்றித் தருவதாகச் சொன்னதும், "பொருளுக்கு நான் தர்றேன், கூலிய நீ விட்டுரு" என்று அவரே முடித்துவிட்டார்.

திரும்பச் செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும். பழைய கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் மட்டும் போதாது, குழிக்குள் செம்பு நிற்கும். நைலான் பிரஷ் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். அவசரத்தில் பித்தளைக் கம்பி பிரஷ்ஷை எடுத்துவிடாதீர்கள், அது எடுப்பதைவிட வைத்துவிட்டுப் போவது அதிகம். சட்டத்தில் துரு வந்த இடத்தைப் பளிச்சென்று வரும்வரை தேய்த்து ஜிங்க் பெயின்ட் இரண்டு கோட். காய்ந்ததும் துவாரத்துக்குள் நைலான் புஷ் என்கிற சின்னக் குழல், போல்ட் தலைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே வாஷர், கிளாம்ப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே வெயில் தாங்குகிற கறுப்பு ரப்பர் பட்டை. ரப்பர் அமுங்கும் என்பதால் ஒரு வாரம் கழித்துப் போய் எல்லாவற்றையும் ஒரு முறை திரும்ப முறுக்கினேன். அந்த இரண்டாம் பயணத்தை விட்டுவிட்டால் முதல் நாள் வேலை வீண்.

கிரீஸ் விஷயத்தில் இப்போது டப்பாவின் நிறத்தைப் பார்ப்பதில்லை, என்ன தூள் என்று பின்பக்கம் படிக்கிறேன். அலுமினியம், கால்வனைஸ் பக்கத்தில் செம்பும் வேண்டாம், நிக்கலும் வேண்டாம், கிராஃபைட்டும் வேண்டாம். கிராஃபைட்டுக்கு வரிசையில் கடைசி இடம் என்று மேலே சொன்னேன். விமானத்தின் அலுமினியத் தகட்டில் பென்சிலால் குறி போடக்கூடாது என்பார்கள், பென்சில் கரி கிராஃபைட் என்பதால். வெள்ளி நிறத்தில் இருக்கிற டப்பாவை அலுமினியத்துக்கு அலுமினியம் என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. அதில் பலவற்றில் கிராஃபைட்டும் சேர்ந்திருக்கும், சிலதில் செம்பும். நான் வாங்குவது உலோகத்தூளே கலக்காத வெள்ளை செராமிக் பேஸ்ட். அது கிடைக்காத நாளில் துத்தநாகத்தூள் கலந்தது. துத்தநாகம் வரிசையில் முன்னால் நிற்பதால் கரைய வேண்டி வந்தால் அதுவே முதலில் கரையும். விலை கூடுதல்தான். ஆனால் ஒரு போல்ட்டுக்கு உளுந்து அளவு போதும், மரையில் மட்டும். நட்டு இறங்கியதும் வெளியே பிதுங்குவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். மரைக்கு வெளியே அதற்கு வேலை இல்லை.

முறுக்குவதிலும் கவனம். பேஸ்ட் போட்ட மரை வழுக்கும். காய்ந்த போல்ட்டுக்குச் சொன்ன டார்க்கை, அதாவது முறுக்கு அளவை, அப்படியே வைத்தால் போல்ட் அதிகமாக இழுபடும், வாஷர் அடியில் பூச்சு நொறுங்கும். டப்பாவில் கணக்கு போட்டிருந்தால் அதன்படி, இல்லையென்றால் நான் கால் பங்கு குறைத்து வைக்கிறேன். ஸ்டெயின்லெஸ் நட்டை இம்பாக்ட் கன்னால் ஓட்டுவதை அடியோடு நிறுத்திவிட்டேன். வேகம்தான் கவ்வ வைக்கிறது.

எர்த்திங் ஒன்றுதான் பூச்சை நாமே வேண்டுமென்று கடித்துத் திறக்கிற இடம். திறக்காமல் எர்த் கிடைக்காது. செம்புக் கம்பியை அலுமினியச் சட்டத்தில் நேராகச் சுற்றிவிட்டுப் போவதை எத்தனையோ கொல்லையில் பார்க்கிறேன். அங்கே கம்பி முனைக்கு வெள்ளீயம் பூசிய லக், பல் வாஷர், ஸ்டெயின்லெஸ் போல்ட், எல்லாம் முறுக்கி முடித்து மீட்டரில் எர்த் சரிபார்த்த பிறகு மேலே காற்றுப் புகாமல் சீலன்ட். கம்பியை எப்போதும் சட்டத்துக்குக் கீழ்ப்பக்கமாக இறக்குங்கள். செம்பின் மேல் பட்ட தண்ணீர் அலுமினியத்தின் மேல் சொட்டக்கூடாது. இதே காரணத்துக்காகத்தான் செம்புக் குழாயில் ஓடி வந்த தண்ணீரை ஜி.ஐ. பைப்புக்குள் விடக்கூடாது என்பதும்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பட்டறைக்குக் காலையில் மட்டும் வருவார். அந்தக் காலத்தில் ஜி.ஐ. பைப் மரைக்கு சணல் சுற்றி சபேதா என்கிற வெள்ளைப் பசையைத் தடவுவார், அது காய்ந்து இருபது வருஷம் ஒழுகாமல் நிற்கும். ஈயச் சபேதா விஷம் என்பதால் இப்போது நான் தொடவிடுவதில்லை. டம்ளரையும் மீட்டரையும் அவரிடம் காட்டினேன். அரத்தால் கோடு போட்டதும் எண் ஏறுவதை இரண்டு தரம் திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்தார். "அப்ப சபேதா இரும்புக்கும் தண்ணிக்கும் நடுவுல நின்னுச்சு. நீ போட்டது தண்ணியோட சேந்துக்கிச்சு" என்றார்.

அடுத்த தை மாதம் புஷ்பவனம் போயிருந்தேன். ஒரு மழைக்காலம் முழுசாகத் தாண்டியிருந்தது. நடு வரிசையில் ஒன்று, கடல் பார்த்த ஓரத்தில் ஒன்று என்று இரண்டு போல்ட்டைக் கழற்றினேன். 13ஆம் நம்பர் ரிங் ஸ்பேனர், ஒரு கை, நட்டு விரலாலேயே இறங்கி வந்தது. மரையில் வெள்ளை பேஸ்ட் ஈரமாக இருந்தது. கிளாம்ப்பைத் தூக்கி ரப்பருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன், பூச்சில் கீறல் இல்லை. ஓரத்து போல்ட்டின் நைலான் புஷ் மட்டும் ஒரு பக்கம் லேசாக விரிந்திருந்தது. அதை மாற்றிவிட்டு, உளுந்து அளவு பேஸ்ட் வைத்து, பிதுங்கியதைத் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டு வந்தேன்.